பழைய கார் ஸ்டீயரிங் நடுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் ஸ்விஃப்ட், ஐ10, போலோ, சிட்டி போன்ற முன்சக்கர இழுவைக் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பழைய இன்னோவா, பொலேரோ வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் அடங்குகிறது? பிரேக் மிதித்தால் கூடுகிறதா? ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறதா? கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

80-லிருந்து 110 வரை நடுங்கி, அதற்கு மேல் சற்று அடங்கினால் சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள்: பேலன்ஸ் (சுற்றிலும் எடை சமமாக இருப்பது), டயர், ரிம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் முன் டிஸ்க் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு). வேகம் எடுக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்தைச் சுற்றும் தண்டின்) உள்பக்க ஜாயிண்ட். 20, 30 கி.மீ. வேகத்திலேயே ஸ்டீயரிங் இடவலமாக வாத்து நடைபோல ஆடினால், டயர் உள்ளே பிரிந்திருக்கலாம் அல்லது ரிம் மோசமாக வளைந்திருக்கலாம். கையில் ஒன்றும் தெரியாமல் இருக்கையும் தரையும் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரம்.

பழைய காரில் ஒரு சிக்கல் உண்டு: பெரும்பாலும் ஒரே கோளாறாக இருப்பதில்லை. தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர்), சற்றே கோணிய ரிம், பழைய டயர் மூன்றும் சேர்ந்து ஒரு நடுக்கமாக வெளியே வரும். ஒன்றைச் சரிசெய்தால் பாதி குறையும், "அது இல்லை போல" என்று முடிவு கட்டிவிடுவோம். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு குறைந்தது என்று எழுதி வையுங்கள்.

குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மட்டும் ஏன் நடுங்குகிறது?

165/80 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 14 முறை சுற்றும். ரிம் ஓரத்தில் 30 கிராம் எடை ஏற்றத்தாழ்வு இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை ஏறக்குறைய நாலேகால் கிலோ விசையோடு வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்கு 14 தடவை. 50 கி.மீ. வேகத்தில் அதே 30 கிராமின் இழுப்பு ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது.

அதோடு முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இயல்பாகவே அதிரும் ஒரு தாளம் உண்டு. பல கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 அதிர்வுக்குள் விழும். சக்கரம் சுற்றும் தாளம் அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகும், தாண்டினால் தணியும். தணிந்துவிட்டதால் கோளாறு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

வீல் அலைன்மெண்ட் செய்தாகிவிட்டது. இன்னும் அப்படியே இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், ஸ்டீயரிங் நேராக நிற்காது. நடுக்கம் வேறு கணக்கு. ஒரு விதிவிலக்கு: மாதக்கணக்கில் கோணம் தவறி ஓடி டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் அந்தத் தேய்மானமே நடுக்கம் தரும். அப்போதும் கோணத்தைச் சரிசெய்வது டயரைத் திருப்பிக் கொண்டுவராது.

பேலன்சிங்கும் செய்தாயிற்று. மெஷின் பூஜ்யம் காட்டியது. பிறகும் ஏன்?

மெஷின் பூஜ்யம் காட்டினால் சக்கரம் சரி என்று நம்பிவிடுகிறோம். அந்தப் பூஜ்யம் பொய்யாக வரும் வழிகள் பல.

முதலாவது, சக்கரம் மெஷின் தண்டில் நடுவாக உட்காராதது. சக்கரத்தின் நடுத்துளையில் நுழையும் கூம்பான கோன் அளவு தவறாகவோ தேய்ந்தோ இருந்தால், மெஷின் அந்தக் கோணலையும் சேர்த்துத்தான் ஈடுகட்டும். காரில் மாட்டியதும் அந்த ஈடு அதிகப்படியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பூஜ்யம் வந்ததும் கடைக்காரரிடம் சொல்லி, கைப்பிடி நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைத் தண்டில் அரைச்சுற்று திருப்பி, மறுபடி இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள். 5 கிராம் காட்டினால் பரவாயில்லை. 15, 20 என்று காட்டினால் முதலில் வந்த பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். கேளுங்கள்.

இரண்டாவது, சேறு. மழைக்காலத்தில் ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருக்கும் மண் நூறு கிராம்கூட வரும். சக்கரத்தைக் கழுவாமல் மெஷினில் ஏற்றினால், மண்ணையும் சேர்த்துப் பேலன்ஸ் செய்த மாதிரி. அடுத்த வாரம் அது உதிர்ந்ததும் பழைய கதை. பழைய ஈயக் கட்டிகளைக் கழற்றாமல் மேலே மேலே ஒட்டுவதும் இதே ரகம்.

மூன்றாவது, பஞ்சருக்கு முன்னெச்சரிக்கையாக உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம். வண்டி நிற்கும்போது அது கீழே தேங்கும், ஓடும்போது எங்கே பரவும் என்று சொல்ல முடியாது. முந்தைய உரிமையாளர் ஊற்றியிருக்கலாம். வால்வு ஊசியைக் கழற்றும்போது பிசுபிசுப்பாக ஏதாவது வந்தால் டயரைக் கழற்றித் துடைத்த பிறகே பேலன்ஸ் செய்ய வேண்டும்.

நான்காவது, ஒட்டிய எடை கழன்று விழுவது. அலாய் ரிம்மின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி படிந்த பரப்பில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக, பசைத் தடத்தோடு தெரிந்தால் அங்கேதான் எடை இருந்தது.

கடைசியாக, பேலன்ஸ் சரியாக இருந்தும் டயர் வட்டமாக இல்லாமல் இருக்கலாம். முட்டை வடிவச் சக்கரத்தையும் எடை போட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முடியும். சாலையில் அது குதிக்கும். மெஷினில் சுற்றும்போது டயரின் மேல் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். விளிம்பு மேலும் கீழும் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தால் எடை போட்டுப் பயனில்லை. ஒரே பக்கத்தில் 60 கிராமுக்கு மேல் கேட்கும் சக்கரத்தையும் அப்படியே விடக்கூடாது. டயரை ரிம்மில் அரைச்சுற்று திருப்பி மாட்டி மறுபடி அளந்தால், கோளாறு டயரிலா ரிம்மிலா என்பது ஓரளவு பிடிபடும். புது டயராக இருந்தால் பக்கவாட்டில் உள்ள மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவார்கள்.

எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இந்தப் பட்டியலிலேயே செலவில்லாத, மிகவும் நம்பகமான சோதனை இதுதான். முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றி மாட்டுங்கள். டயரில் சுழலும் திசை அம்பு இருந்தால் அதே பக்கத்துக்குள்ளேயே மாற்ற வேண்டும். பிறகு அதே சாலையில் ஓட்டுங்கள்.

நடுக்கம் கையை விட்டு இருக்கைக்குப் போனால் கோளாறு பின்னால் போன சக்கரங்களில் ஒன்று. ஒன்றுமே மாறவில்லை என்றால் சக்கரத்தை மறந்துவிட்டு ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), டிஸ்க், ஷாஃப்ட், ஜாயிண்ட் பக்கம் பாருங்கள்.

எந்தச் சக்கரம் என்று குறுக்க ஸ்டெப்னி உதவும். முதலில் இடது முன்சக்கரத்துக்குப் பதிலாக, அடுத்து வலதுக்குப் பதிலாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஆனால் ஸ்டெப்னி மற்ற நான்கின் அளவில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலாய் ரிம்மோடு வரும் பல கார்களில் ஸ்டெப்னி குறுகலான இரும்பு ரிம்; அதில் 80-ஐத் தாண்டக்கூடாது என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அந்த ஸ்டெப்னி இந்தச் சோதனைக்கு ஆகாது.

கழற்றும்போது ஹப்பின் முகத்தையும் ரிம்மின் உள்முகத்தையும் கம்பித் தூரிகையால் தேயுங்கள். நடுவே ஒரு துரு மொட்டு இருந்தாலும் சக்கரம் கோணலாக உட்காரும். நட்டுகளைக் கையால் முடுக்கி, எதிரெதிராக இறுக்கி, வண்டி தரையில் நின்றபின் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், போலோவுக்கு 120. உங்கள் கையேட்டில் எண் இருக்கும். ஏர் கன்னால் ஒரே மூச்சில் இறுக்குவது டிஸ்க்கைக் கோணச் செய்யும் வேலை. 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி சரிபாருங்கள்.

ரிம் பெண்ட் என்றால் வளைவை எடுக்கலாமா, ரிம்மையே மாற்ற வேண்டுமா?

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ரிம் விளிம்பை ஒட்டி ஒரு பேனாவை அசையாமல் முட்டுக்கொடுத்து வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி 1 மி.மீ. அளவுக்கு விரிந்து சுருங்கினாலே கடையில் டயல் கேஜ் (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து அளக்கச் சொல்லலாம். உள்பக்க விளிம்பையும் பாருங்கள். பள்ளத்தில் முதலில் அடிபடுவது அதுதான், வெளியிலிருந்து தெரியாது.

இரும்பு ரிம்மில் விளிம்பு மட்டும் மடங்கியிருந்தால் தட்டி எடுக்கலாம். அலாயிலும் சிறு வளைவை எடுக்கிறார்கள். ஆனால் விரிசல் விட்ட அலாயை, குறிப்பாக ஆரக்கால் அருகே விட்டதை, வெல்டிங் வைத்து ஓட்டாதீர்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய ரிம் வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன் வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பார்த்து வாங்குவது நல்லது.

டயரில் எதைப் பார்க்க வேண்டும்?

பக்கவாட்டில் கடைசியாக வரும் நான்கு இலக்க எண். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. விற்பதற்காகவே மலிவு டயர் மாட்டிய கார்களில் நான்கு டயரும் நான்கு பிராண்டாக, நான்கு வருடமாக இருக்கும். பட்டன் (டயரின் ஓடுபரப்பில் உள்ள ரப்பர் மேடுகள்) நிறைய இருப்பதை வைத்து வயதை எடை போடாதீர்கள்.

பிறகு உள்ளங்கையால் டயரின் ஓடுபரப்பை முழுச்சுற்றும் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். ஓரிடத்தில் புடைத்து, அங்கே மட்டும் பட்டன் வளைந்து நெளிந்து தெரிந்தால் உள்ளே இரும்புப் பட்டி பிரிந்திருக்கிறது. பக்கவாட்டில் கொழுக்கட்டைபோல வீங்கியிருந்தால் உள்நூல் அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து கிடையாது, டயரை மாற்றுங்கள். வரிசையாகக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அதுவும் சீக்கிரம் குழிந்துவிடும்.

முந்தைய உரிமையாளர் வெளியில் அலாய் வாங்கி மாட்டியிருக்கிறார். அதனால் இருக்குமா?

நிறைய வாய்ப்பு உண்டு. கம்பெனி ரிம்மின் நடுத்துளை ஹப்பின் உதட்டில் கச்சிதமாக உட்காரும். வெளி அலாய்கள் பல கார்களுக்குப் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக வைப்பார்கள். போலோவின் ஹப் 57.1 மி.மீ. அதில் 67 அல்லது 73 மி.மீ. துளை உள்ள ரிம்மை வெறுமனே மாட்டினால் நட்டு, போல்ட்டின் தயவில்தான் அது நடுவில் நிற்க வேண்டும். இடைவெளியை நிரப்ப சென்டர் ரிங் என்று ஒரு வளையம் இருக்கிறது. மலிவுதான், ஆனால் டயர் மாற்றும்போது கடையிலேயே தொலைந்துபோகும் பொருள்.

நட்டின் உட்காரும் முகமும் முக்கியம். வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. ஹோண்டாவின் கம்பெனி நட்டு உருண்டை முகம். டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களில் வாஷரோடு வரும் தட்டை நட்டு. கூம்புக்கு உருண்டையைப் போட்டால் இறுகிய மாதிரி தெரியும், உண்மையில் ஒரு கோட்டில் மட்டும்தான் பிடித்திருக்கும். இது நடுக்கத்தோடு நிற்காமல் சக்கரம் கழலும் வரைக்கும் போகக்கூடியது.

பிரேக் மிதித்தால் மட்டும் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை, அதன் தடிமன் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. 0.02 மி.மீ. வித்தியாசம், அதாவது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை, அதுவே 90 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங்கை உலுக்கப் போதும்.

எப்படி வருகிறது? ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே துரு இருந்தால் டிஸ்க் இம்மியளவு கோணி உட்காரும். பிரேக் மிதிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையை) உரசும். சில ஆயிரம் கி.மீ. ஓடியதும் அந்த இடம் மெலியும். அதனால்தான் "புது டிஸ்க் போட்டேன், ஆறு மாதத்தில் மறுபடி" என்ற புகார் வருகிறது: டிஸ்க்கை மாற்றினார்கள், ஹப் முகத்தைச் சுத்தம் செய்யவில்லை. இன்னொரு வழி, ஊட்டி, ஏற்காடு இறக்கங்களில் சிவக்கச் சிவக்கப் பிரேக் பிடித்து, அப்படியே காலை எடுக்காமல் நிறுத்துவது. சூடான பேடின் பொருள் டிஸ்க்கில் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும்.

சோதனை இப்படி. மைக்ரோமீட்டரால் டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். பிறகு நட்டுகளை இறுக்கி டயல் கேஜ் வைத்துக் கோணலைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு வண்டி மாறினாலும் 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதி. தடிமன் மிச்சமிருந்தால் லேத்தில் கடைசல் போடலாம். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்கிண்ணத்திலோ பொறித்திருக்கும். கடைந்தபின் அந்த அளவைத் தொடும் என்றால் புதிது வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஜோடியாக.

கேலிப்பர் (பேடை அழுத்தும் அமைப்பு) நகர்ந்து கொடுக்கும் பின்னையும் விடாதீர்கள். பிரேக் அதிகம் பயன்படுத்தாமல் 10 கி.மீ. ஓட்டிவிட்டு, ரிம்மைத் தொடாமல் பக்கத்தில் கை காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே கேலிப்பர் பின் சிக்கியிருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்துப் பிரேக்குக்கென்றே வரும் கிரீஸைத் தடவ வேண்டும். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

பிரேக் பெடலும் இருக்கையும் துடித்து, ஸ்டீயரிங் அமைதியாக இருந்தால் பின் டிரம். காலியான இடத்தில் 30 கி.மீ. வேகத்தில், பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுங்கள். துடிப்பு வந்தால் டிரம் வட்டம் போயிருக்கிறது.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுக்கம். ஏன்?

டிரைவ் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்டில் மூன்று உருளைகள் மூன்று காடிகளில் ஓடும். காடி தேய்ந்து தடம் விழுந்தால், இழுவை ஏறும்போது உருளை தட்டித் தட்டி நகரும். மேடு ஏறும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் நன்றாகத் தெரியும். திரும்பும்போது கடகடவென்று சத்தம் வந்தால் அது வெளிப்பக்க ஜாயிண்ட், அது வேறு. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உள்ளே மணலும் போயிருக்கும், உறையை மட்டும் மாற்றி ஆறுதல் அடைய முடியாது.

முன்பக்க ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது?

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, பின்சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்கள். சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (இரண்டும் ஸ்டீயரிங் இணைப்பின் மூட்டுகள்). 12 மணி, 6 மணி இடங்களில் வந்தால் பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மின் முனையிலுள்ள உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இரண்டாவது ஆள் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். லோயர் ஆர்மின் பின் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் வாய் பிளக்கும்.

இந்தப் பாகங்கள் தாமாக நடுக்கத்தை உண்டாக்குவது குறைவு. 10 கிராம் ஏற்றத்தாழ்வை உறுதியான முன்பக்கம் விழுங்கிவிடும், தளர்ந்த முன்பக்கம் கைக்கு அனுப்பிவைக்கும்.

வெள்ளத்தில் நின்ற கார் என்றால்?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் பல ஊர்களுக்குக் கைமாறின. பேரிங்குக்குள் நீர் போனால் சில மாதம் கழித்துத்தான் பேசும்: வேகத்தோடு ஏறும் உறுமல், லேன் மாறும்போது கூடிக் குறையும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றும்போது இன்னொரு கையால் சஸ்பென்ஷன் சுருளைப் பிடித்திருங்கள். கெட்ட பேரிங் மணல் அரைப்பதுபோல விரலுக்குத் தெரியும். இத்தகைய காரில் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள துருவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வண்டி நிற்கும்போதே, ஏசி போட்டால் நடுங்குகிறது.

சக்கரமே சுற்றவில்லை, ஆகவே சக்கரம் காரணமில்லை. எஞ்சின் மவுண்டிங், அல்லது எஞ்சின் ஒரு சிலிண்டரில் சரியாக எரியாதது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் கொஞ்சம் நடுக்கம் இயல்பு. ஓடும்போது சந்தேகமாக இருந்தால் 80-இல் ஐந்தாவது கியரிலும் நான்காவதிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியும் நடுக்கம் மாறாவிட்டால் சக்கரம், மாறினால் எஞ்சின் பக்கம்.

பழைய இன்னோவா, பொலேரோவுக்கு?

மேலே சொன்னதோடு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு, சேரும். அது சக்கரத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால், உதறலாக இல்லாமல் தரையில் ஒரு ரீங்காரமாகத் தெரியும். அதன் மூட்டான யு-ஜாயிண்ட் கிராஸைக் கையால் முறுக்கி ஆட்டம் பாருங்கள். கழற்றினால் இரண்டு பக்கமும் பெயின்ட் அடையாளம் வைத்து, அதே நிலையில் மாட்டுங்கள்.

மூன்று மாதம் நின்ற காரை எடுத்தேன், நடுங்குகிறது.

டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகியிருக்கும். காற்றைச் சரிபார்த்து 20, 30 கி.மீ. ஓட்டுங்கள்; சூடேறினால் பெரும்பாலும் வட்டத்துக்குத் திரும்பும். காற்றில்லாமல் நின்ற டயர் திரும்பாமலும் போகலாம்.

இப்படியே ஓட்டலாமா?

பேலன்ஸ் நடுக்கம் என்று உறுதியானால் ஒன்றிரண்டு நாள் 70-க்குக் கீழே ஓட்டலாம். டயர் புடைப்பு, பால் ஜாயிண்ட் ஆட்டம், திடீரென்று குறைந்த வேகத்திலேயே தொடங்கிய உதறல் இருந்தால் ஓட்டக்கூடாது. டயர் மாற்றிய மறுநாள் நடுக்கம் வந்தால் ஓரங்கட்டி முதலில் நட்டுகளைப் பாருங்கள்.

மெக்கானிக் ஸ்டீயரிங் ரேக்கையே மாற்றச் சொல்கிறார். செய்யலாமா?

ரேக் (ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் பற்சட்டம்) தேய்ந்தால் பள்ளத்தில் கடக் கடக் என்று தட்டும், ஸ்டீயரிங்கில் வெற்று ஆட்டம் இருக்கும். 90 கி.மீ. வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு அதை முதலில் குற்றம் சொல்வது அபூர்வமாகவே சரியாக இருக்கும். சக்கரங்களை முன்பின் மாற்றி ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த அரை மணி நேர வேலையை முதலில் செய்யச் சொல்லுங்கள், ரேக்குக்கு ஆர்டர் போடுவது அப்புறம்.